திருச்சி / சென்னை – சிங்கப்பூர் ஃபிளைட் உண்மையில எத்தனை மணி நேரம்? டிக்கெட்ல போக 6.45, வர 1.45னு கணக்கு வருது

மன்னைமகன்

எல்லாருக்கும் வணக்கம், ரெண்டு நாளா ஒரு சந்தேகம் மண்டையை குடையுது. அக்கா சிங்கப்பூர்ல இருக்கா, ஆகஸ்ட்ல பிரசவம், அம்மா போய் கூட இருக்கணும். அம்மாவுக்கு 61 வயசு, சுகர் இருக்கு, முழங்கால் வலியும் உண்டு, இதுவரைக்கும் ஃபிளைட் ஏறுனதே இல்ல. தனியாதான் போகணும், எனக்கு லீவு கிடைக்கல, அப்பா வீட்டையும் மாட்டையும் விட்டுட்டு வர மாட்டார். ஆடி பொறக்கறதுக்குள்ள கிளம்பிடணும்னு அம்மா பிடிவாதமா இருக்காங்க, அதனால ஜூலை 14, 15 வாக்குல டிக்கெட் பாத்துட்டு இருக்கேன்.

சென்னையில இருந்து ஒரு டைரக்ட் ஃபிளைட், ராத்திரி 11.15க்கு கிளம்பி மறுநாள் காலைல 6.00 மணிக்கு சிங்கப்பூர். எண்ணிப் பாத்தா 6 மணி 45 நிமிஷம். அதே கம்பெனி திரும்பி வர்றது சாயங்காலம் 8.20க்கு கிளம்பி 10.05க்கு சென்னை, அதாவது 1 மணி 45 நிமிஷம்தான். ஒரே ஊருக்கு போக ஒரு நேரம் வர ஒரு நேரமா? டைம் ஜோன் விஷயம்னு புரியுது, ஆனா அம்மா உண்மையில எவ்வளவு நேரம் சீட்ல உக்காந்திருக்கணும்னு தெளிவா தெரியணும். ராத்திரி மாத்திரை எப்ப போடறது, கால் வீங்குமா, எத்தனை தடவை சாப்பிடணும், எல்லாம் அதை வச்சுதான் முடிவு பண்ணணும்.

தூரமும் குழப்பமா இருக்கு. ஒரு சைட்ல 2,900 சொச்சம், இன்னொண்ணுல 1,800, வேற ஒண்ணுல 1,570. எது சரி? இன்னொரு விஷயம், எங்க ஊர் மன்னார்குடி, எங்களுக்கு கிட்ட இருக்கற திருச்சில இருந்தும் ஃபிளைட் இருக்கு. திருச்சி இன்னும் தெக்கால இருக்கறதால சிங்கப்பூருக்கு கிட்டத்தானே, நேரமும் கம்மி ஆகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குவாத்தி

தம்பி, டைம் ஜோன் எதுவும் தெரியாமலேயே இதை கண்டுபிடிக்கலாம், நான் பத்தாம் வகுப்பு பசங்களுக்கு இதைத்தான் கணக்கா போடுவேன். போற நேரத்தையும் வர்ற நேரத்தையும் கூட்டி பாதி ஆக்குங்க. 6.45 கூட்டல் 1.45, மொத்தம் 8.30, பாதி 4.15. அதான் பயண நேரம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5 மணி நேரம், அதுல பாதி 2.30. அதான் ரெண்டு ஊர் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம். போகும்போது கடிகாரம் உங்களை விட்டு 2.30 மணி முன்னாடி ஓடிடுது, வரும்போது அந்த 2.30ஐ திருப்பி குடுத்துடுது, அவ்வளவுதான்.

தூரம் மூணுமே சரிதான், அளவுதான் வேற வேற. 2,900 கிலோமீட்டர், அதுவே மைல்ல 1,800, அதுவே கடல் மைல்ல 1,570 கிட்ட. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கப்பல்காரங்க, விமானக்காரங்க கடல் மைல்லதான் பேசுவாங்க.

பேப்பர் பேனா எடுத்து நீங்களே போட்டுப் பாக்கலாம். சென்னை வடக்கு 13 டிகிரி, கிழக்கு 80. சிங்கப்பூர் வடக்கு 1.3, கிழக்கு 104. ஒரு டிகிரி சுமாரா 111 கிலோமீட்டர். அப்போ தெக்கால 11.7 டிகிரி, அது 1,300 கிமீ. கிழக்கால 24 டிகிரி, தீர்க்கரேகை கொஞ்சம் குறுகறதால 110ஆல பெருக்குங்க, 2,640 கிமீ. ரெண்டையும் பிதாகரஸ் தேற்றத்துல போட்டா 2,940. உருண்டைக்கு ஏத்த மாதிரி சரியா போட்டா அதுல கொஞ்சம் குறையும், 2,900 சொச்சம்னு வரும். பூமி உருண்டையா இருந்தாலும் நிலநடுக்கோட்டு பக்கம் இந்த அளவு தூரத்துக்கு இந்த கணக்கே போதும், அமெரிக்காவுக்கெல்லாம் இப்படி போட்டா தப்பாயிடும்.

இப்ப திருச்சி. வடக்கு 10.8, கிழக்கு 78.7. தெக்கால 9.5 டிகிரிதான், அதுல சென்னையை விட 250 கிலோமீட்டர் மிச்சம் ஆகுது. ஆனா திருச்சி சென்னையை விட மேற்கால இருக்குங்கறதை மறந்துட்டீங்க, கிழக்கால போக 25.3 டிகிரி ஆகுது. போட்டுப் பாத்தா 2,975 வருது. அதாவது திருச்சி கிட்ட இல்ல, ஒரு 40, 50 கிலோமீட்டர் தூரமாவே இருக்கு. மேப்பை விரிச்சு வச்சு நூல் பிடிச்சுப் பாருங்க, கண்ணாலயே தெரியும்.

ஓடுபாதை07

வாத்தியார் சொன்ன கணக்கு அருமை. நான் 30 வருஷம் விமான பராமரிப்புல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், மிச்சத்தை நான் சொல்றேன்.

டிக்கெட்ல போட்ட 4.15ங்கறது ஆகாயத்துல இருக்கற நேரம் இல்ல. சக்கரத்துக்கு வச்ச கட்டையை எடுத்து வண்டி கேட்டை விட்டு நகர்ற நிமிஷத்துல இருந்து, அங்க போய் கேட்ல நிறுத்தி திரும்ப கட்டை வைக்கற வரைக்கும். நாங்க பிளாக் டைம்னு சொல்வோம். இங்க ஓடுபாதை வரைக்கும் உருண்டு போய் வரிசைல நிக்கறது 10, 15 நிமிஷம், அங்க இறங்கி உருள்றது ஒரு 8, 10 நிமிஷம். நிஜமா காத்துல இருக்கறது 3.45ல இருந்து 4 மணி நேரத்துக்குள்ள. அம்மா சீட்ல உக்காந்திருக்கறது இதை விட அதிகம், கதவு சாத்தறதுக்கு அரை மணி முன்னாடியே ஏத்திடுவாங்க, இறங்கறதுக்கும் கால் மணி ஆகும். ஆக 5 மணி நேரம்னு மனசுல வச்சுக்கோங்க.

சில சைட்ல 3 மணி 30 நிமிஷம்னு போட்டிருப்பான், அதை நம்பாதீங்க. அது 2,900ஐ 840ஆல வகுத்தது. ஏ320 மாதிரி நடுவுல ஒத்தை நடைபாதை உள்ள விமானம் மணிக்கு 830, 840 கிமீ வேகத்துல போகும்ங்கறது மேல போய் நிலையான பிறகுதான். ஏறி முடிக்கவே 20, 25 நிமிஷம் ஆகும். 10,000 அடிக்கு கீழ 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்துக்கு மேல போகக் கூடாதுனு பொதுவா கட்டுப்பாடு உண்டு, அது மணிக்கு 463 கிமீதான். சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டுக்கு 200 கிலோமீட்டர் இருக்கும்போதே இறக்க ஆரம்பிச்சுடுவாங்க. அது போக காலைல சாங்கில நெரிசல் நேரம், சில நாள் வட்டம் போட விட்டுடுவாங்க. அதுக்கெல்லாம் சேத்துதான் கம்பெனி டைம் போடுது. பெரிய ரகம், 787, ஏ350 எல்லாம் 900 பக்கம் போகும், ஆனா இந்த தூரத்துக்கு மிச்சம் ஆகறது கால் மணி நேரம்தான், அதுக்காக கூட காசு குடுக்க வேண்டாம்.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்கே உரிய விஷயம், ரொம்ப பேருக்கு தெரியாது. ஜூலை மாசம் கீழ நமக்கு மேக்கத்தி காத்து அடிக்குது இல்லையா, தென்மேற்கு பருவம். ஆனா 10, 12 கிலோமீட்டர் உயரத்துல அப்படியே தலைகீழ், கிழக்குல இருந்து மேற்கா பலமா அடிக்கும். வெப்பமண்டல கீழை ஜெட் காத்துனு சொல்வாங்க, நம்ம இந்திய வானிலை விஞ்ஞானி கோட்டேஸ்வரம் 1958ல எழுதினது. அதோட உச்ச வேகம் விமானம் போற உயரத்தை விட இன்னும் மேல இருக்கு, ஆனாலும் தென்னிந்தியா மேல போற விமானத்துக்கு நல்லாவே படும். அதனால ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் சிங்கப்பூர் போற விமானம் எதிர்காத்துல போகும், திரும்பி வர்றது பின்காத்துல வரும். போகும்போது ஒரு 10 நிமிஷம் கூட ஆகலாம். கீழ அடிக்கற காத்தை வச்சு மேல கணக்கு போடக் கூடாது.

பாதை கேட்டா, வங்காள விரிகுடாவை குறுக்க தாண்டி கிரேட் நிகோபாருக்கு தெக்கால, சுமத்ராவோட வடக்கு முனை பண்டா ஆச்சே பக்கம் தொட்டு, அப்புறம் மலாக்கா நீரிணை ஓரமாவே தென்கிழக்கா இறங்கும். பாதி நேரம் கீழ வெறும் தண்ணிதான், அம்மா ஜன்னல் வழியா பாத்து பயப்படாம இருக்க முன்னாடியே சொல்லிடுங்க. மழை மேகம் வரும்போது வண்டி குலுங்கும், மாட்டு வண்டி மேட்டுல ஏறி இறங்கற மாதிரிதான் இருக்கும், பெல்ட்டை போட்டுட்டு உக்காந்தா போதும்.

மன்னைமகன்

சார் ரொம்ப ரொம்ப நன்றி. வாத்தியார் சொன்ன கூட்டி பாதி ஆக்கற கணக்கை அப்பாகிட்ட போட்டுக் காட்டினேன், ஒரே நிமிஷத்துல புரிஞ்சுகிட்டார். திருச்சி 50 கிலோமீட்டர் தூரம்னா சென்னையே போயிடலாமா? சென்னை டிக்கெட் 1,400 ரூபா கம்மியா இருக்கு. திருச்சில ராத்திரி 12.20க்கு கிளம்பி 7.05க்கு போகுது.

தெம்பனிஸ்_அக்கா

தம்பி வேண்டவே வேண்டாம். நான் 14 வருஷமா இங்க இருக்கேன், எங்க வீடு பட்டுக்கோட்டை பக்கம், உங்க ஊரு எனக்கு நல்லா தெரியும். நீங்க ஆகாயத்து தூரத்தை மட்டும் பாக்கறீங்க, வீட்டு வாசல்ல இருந்து அக்கா வீட்டு வாசல் வரைக்கும் எண்ணுங்க. மன்னார்குடில இருந்து தஞ்சாவூர் வழியா திருச்சி ஏர்போர்ட் கார்ல ரெண்டரை மணி நேரம். மூணு மணி நேரம் முன்னாடி போகணும். ஃபிளைட் நாலேகால். இமிகிரேஷன், பெட்டி எல்லாம் ஒரு மணி நேரம். மொத்தம் பதினொரு மணி நேரத்துக்குள்ள அம்மா அக்கா வீட்ல இருப்பாங்க. சென்னைனா மன்னை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்க போய், பகல் பூரா யார் வீட்லயாவது தங்கி, திரும்ப ராத்திரி ஏர்போர்ட் போகணும், இல்ல கார்ல ஏழு மணி நேரம். முழங்கால் வலியோட எதுக்கு? அந்த 1,400 ரூபா கார் வாடகைலயே போயிடும். ஆகாயத்துல 50 கிலோமீட்டர்ங்கறது நாலு நிமிஷம், ரோட்டுல 200 கிலோமீட்டர்ங்கறது ஒரு ராத்திரி.

திருச்சில புது டெர்மினல் 2024 ஜூன்ல இருந்து ஓடுது, பழசு மாதிரி நெரிசல் கிடையாது, பெருசா வெளிச்சமா இருக்கு. முக்கியமா அந்த ராத்திரி ஃபிளைட்ல ஏறுறவங்க பாதி பேர் நம்ம ஜில்லாக்காரங்க, பக்கத்து சீட்ல யாராவது ஒரு ஆத்தா தஞ்சாவூர் பேச்சு பேசிட்டு வருவாங்க, அம்மாவுக்கு பயமே தெரியாது.

ஒண்ணே ஒண்ணு கவனம், தலையில அடிச்சு சொல்றேன். 12.20ங்கறது எந்த தேதி? 15ஆம் தேதினு டிக்கெட்ல இருந்தா 14ஆம் தேதி ராத்திரி சாப்பாடு முடிச்சு கிளம்பணும். எங்க மாமனார் 2016ல இப்படித்தான் தேதியை தப்பா எடுத்துட்டு மறுநாள் ராத்திரி பெட்டியோட போய் நின்னார், ஃபிளைட் போய் 22 மணி நேரம் ஆச்சு. கவுண்டர்ல சொன்னப்ப அவர் முகம் எப்படி ஆச்சுனு கூட போன மச்சினர் சொல்லி இன்னைக்கும் வருத்தப்படுவார். பேத்திக்கு காது குத்து, வர முடியாமலே போச்சு. அதனால காலண்டர்ல 14ஆம் தேதி கட்டத்துல பேனாவால வட்டம் போட்டு "இன்னைக்கு ராத்திரி" னு எழுதி வைங்க.

சுகர் மாத்திரை விஷயம், அம்மா இங்க வந்து இறங்கும்போது இங்க மணி 7, அவங்க உடம்புக்கு நாலரை. உடனே டிபன் குடுத்து மாத்திரை போட வைக்காதீங்க, டாக்டர்கிட்ட முன்னாடியே "ரெண்டரை மணி நேரம் தள்ளுது, எப்படி போடட்டும்" னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. மாத்திரை, சீட்டு எல்லாம் கைப்பையில. இன்சுலின் போடறவங்களா இருந்தா கட்டாயம் கைப்பையிலதான், கீழ லக்கேஜ்ல போட்டா உறைஞ்சு போக வாய்ப்பு இருக்கு. வீல்சேர் டிக்கெட் போடும்போதே கேட்டு பதிவு பண்ணிடுங்க, முழங்கால் வலிக்கு அது தேவைதான், கூடவே ஒரு ஆள் இமிகிரேஷன் வரைக்கும் அழைச்சுட்டு போவார், தனியா வர்றவங்களுக்கு அதை விட நிம்மதி இல்ல.

விசா வந்தாச்சுனா எஸ்ஜி அரைவல் கார்டு (சிங்கப்பூர் வர்றவங்க போடற படிவம்) மறக்காதீங்க, வர்ற நாளோட சேத்து மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போடணும், அதுக்கு காசு கிடையாது, காசு கேக்கற சைட் எல்லாம் வேற ஆளுங்க. பத்திய சாமான் கட்டும்போது கசகசா மட்டும் வேண்டாம், இங்க அது பெரிய பிரச்சனை. கறி, கருவாட்டு கதையும் வேண்டாம். சுக்கு, மிளகு, பூண்டு ஊறுகாய், பிரசவ லேகியம் பெட்டில போடுங்க, கைப்பையில நெய் டப்பா, தொக்கு வச்சா 100 மில்லிக்கு மேல விட மாட்டாங்க. கொப்பரையும் வேண்டாம்.

ஜூரோங்_செல்வம்

நடுவுல ஒரு யோசனை, கோலாலம்பூர் வழியா போனா இன்னும் 3,000 ரூபா குறையுது. தூரமும் கிட்டத்தட்ட அதேதான், திருச்சி – கோலாலம்பூர் 2,700 கிமீக்குள்ள, அங்க இருந்து சிங்கப்பூர் 300. நான் எப்பவும் அப்படித்தான் வருவேன்.

தெம்பனிஸ்_அக்கா

செல்வம் தம்பி, உங்களுக்கு சரி, நீங்க கால் திடமா இருக்கற ஆம்பள. தூரம் அதேதான் ஆனா நேரம்? நாலு, அஞ்சு மணி நேரம் அங்க உக்காரணும், தனித்தனி டிக்கெட்டா இருந்தா பெட்டியை எடுத்து திரும்ப போடணும், மலேசியா உள்ள போகணும்னா அதுக்கு வேற பேப்பர். முதல் தடவை ஃபிளைட் ஏறுற 61 வயசு அம்மாவுக்கு இது ஆகாது. கொழும்பு வழியா போறதும் அப்படித்தான்.

ஜூரோங்_செல்வம்

சரிக்கா, முதல் தடவைங்கறதை கவனிக்கல. நேரா போறதுதான் நல்லது.

நாகை_தாத்தா

இந்த பேச்சை படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எனக்கு இப்ப 70க்கு மேல. 1978ல நாகப்பட்டினத்துல இருந்து சிதம்பரம் கப்பல்ல சிங்கப்பூர் போனேன். இதே தூரம்தான், இன்னைக்கு நாலு மணி நேரம்னு பேசறீங்க, அன்னைக்கு ஏழு நாள். கப்பல் கரைக்கு வராது, ஆழம் பத்தாதுனு கடல்ல தள்ளி நிக்கும், படகுல போய் ஏணில ஏறணும். எங்க அப்பா காலத்துல ரஜூலா கப்பல். பினாங்கு, அப்புறம் கிள்ளான், அப்புறம் சிங்கப்பூர். ஏறும்போது எங்க அம்மா ஒரு தூக்குல புளியோதரை கட்டிக் குடுத்தாங்க, மூணு நாள் வச்சு சாப்பிட்டேன், நாலாம் நாள் தூக்கை திறந்து வாசனை மட்டும் பாத்துட்டு மூடி வச்சேன், கழுவ மனசு வரல.

கடிகார விஷயத்துக்கு வர்றேன். கப்பல்ல ஒரே நாள்ல மாத்த மாட்டாங்க, ராத்திரி ராத்திரி அரை மணி நேரம் முன்னாடி வச்சுக்க சொல்வாங்க. சிங்கப்பூர் போய் சேர்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் தள்ளியிருக்கும். ஆமா, ரெண்டு மணிதான், ரெண்டரை இல்ல. அப்ப சிங்கப்பூர் நேரம் நம்மளை விட ரெண்டு மணி நேரம்தான் முன்னாடி. மலேசியா கிழக்கு, மேற்கு ரெண்டு பக்கத்து நேரத்தையும் ஒண்ணாக்க மேற்குப் பக்கத்தை அரை மணி முன்னாடி தள்ளுச்சு, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கிச்சு, 1982 ஜனவரி 1ல இருந்து. அதுக்குப் பிறகுதான் இந்த ரெண்டரை. அங்க காலைல ஏழு மணி வரைக்கும் இருட்டா இருக்கறதுக்கு காரணம் அதுதான், சூரியனுக்கு ஏத்த நேரம் வச்சா அங்க இன்னும் ஒரு மணி நேரம் பின்னாடி இருக்கணும். தம்பி அம்மாகிட்ட இதை சொல்லி வைங்க, கடிகாரத்துல ஆறரை, வெளிய நட்சத்திரம் தெரியும், பயந்துடப் போறாங்க.

சிதம்பரம் கப்பல் எண்பதுகள்ல நடுக்கடல்ல தீப்பிடிச்சுது, ரொம்ப உயிர் போச்சு. அதுக்கப்புறம் நம்ம பக்கத்து சனம் எல்லாம் ஆகாய வழிதான்.

இறங்கும்போது அம்மாவை ஜன்னல் பக்கம் பாக்க சொல்லுங்க. சிங்கப்பூருக்கு வெளிய கடல்ல கப்பல் கப்பலா நங்கூரம் போட்டு நிக்கும். நாங்களும் அப்படித்தான் ஒரு நாள் முழுக்க நின்னோம்.

கோவைவாணி

எல்லாரும் திருச்சி, சென்னை பேசறீங்க, கோயம்புத்தூர்ல இருந்து எவ்வளவுங்க ஆகும்? எங்க பையன் அங்க படிக்கறான்.

கணக்குவாத்தி

அதே கணக்குதாம்மா. கோவை வடக்கு 11, கிழக்கு 77. தெக்கால 9.7, கிழக்கால 27. போட்டா 3,160 கிமீ கிட்ட. சென்னையை விட 220, 250 கிமீ கூட, கால் மணி நேரம் சேத்துக்கோங்க, டிக்கெட்ல நாலரை மணி நேரம் பக்கம் இருக்கும்.

மன்னைமகன்

அக்கா, தாத்தா, எல்லாருக்கும் நன்றி. திருச்சியே போட்டுட்டேன், 15ஆம் தேதி 12.20. காலண்டர்ல 14ல சிவப்பு வட்டம் போட்டாச்சு. தாத்தா எழுதினதை அப்பாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டினேன், அப்பாவோட பெரியப்பா ரஜூலாலதான் போனாராம், இத்தனை வருஷத்துல எங்ககிட்ட சொன்னதே இல்ல, அன்னைக்கு ராத்திரி அரை மணி நேரம் அதையே பேசிட்டு இருந்தார். போய் சேந்ததும் எழுதறேன்.

ஓடுபாதை07

அம்மாகிட்ட ஒரு பேப்பர்ல பெருசா எழுதிக் குடுங்க தம்பி. இடது பக்கம் நம்ம நேரம், வலது பக்கம் சிங்கப்பூர் நேரம். 12.20 / 2.50. 1.30 / 4.00. 4.35 / 7.05. வழியில மைக்ல எந்த நேரம் சொன்னாலும் குழப்பம் இருக்காது. மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலயும் கீழயும் ஆட்ட சொல்லுங்க, தண்ணி குடிக்க சொல்லுங்க, பாத்ரூம் போகணுமேனு தண்ணி குடிக்காம இருந்துடுவாங்க நம்ம அம்மாக்கள் எல்லாம்.

மன்னைமகன்

அம்மா நல்லபடியா போய் சேந்தாச்சு!! நேத்தே எழுதணும்னு இருந்தேன், திருச்சில இருந்து திரும்பி வந்து படுத்தவன் மதியம்தான் எந்திரிச்சேன்.

ஓடுபாதை சார் சொன்ன மாதிரி பேப்பர் எழுதிக் குடுத்தேன். அம்மா அதோட நிக்கல, அதே பேப்பர்ல ஓரமா பேனாவால அவங்களே எழுதியிருக்காங்க, அக்கா போட்டோ எடுத்து அனுப்பினா. "12.35 வண்டி நகந்துச்சு. 12.48 மேல ஏறிச்சு. 1.40 சோறு குடுத்தாங்க, காரம் இல்ல. 3.10 குலுங்குச்சு. 4.44 தரையில இறங்குச்சு. 4.52 நின்னுச்சு." கால் மணி நேரம் லேட்டா கிளம்பியிருக்கு. கூட்டிப் பாத்தேன், காத்துல 3 மணி 56 நிமிஷம், நகந்ததுல இருந்து நின்ன வரைக்கும் 4.17. சார் நீங்க சொன்னது நிமிஷம் பிசகாம இருக்கு.

பக்கத்து சீட்ல ஒரத்தநாட்டு அம்மா ஒருத்தங்க, அவங்களும் மக பிரசவத்துக்குத்தான். ரெண்டு பேரும் தூங்கவே இல்லையாம். இறங்கும்போது அப்பதான் விடிஞ்சுதாம், கடல்ல கப்பல் நிக்கறதை பாத்தாங்களாம், "அந்த நாகப்பட்டினத்து அய்யா சொன்ன கப்பல் எல்லாம் இருக்குடா, எண்ண ஆரம்பிச்சேன், முப்பதுக்கு மேல எண்ண முடியல, அதுக்குள்ள தரை வந்துடுச்சு" னு போன்ல சொன்னாங்க. தாத்தா, இதை உங்ககிட்ட கட்டாயம் சொல்லச் சொன்னாங்க.

போன் தானாவே சிங்கப்பூர் நேரத்துக்கு மாறிடுச்சு, ஆனா கைல கட்டியிருக்கற வாட்சை அம்மா மாத்த விடல. அத்தான் மாத்தி வைக்கறேன்னு கேட்டிருக்கார், வேண்டாம்னுட்டாங்க. அப்பாவுக்கு ராத்திரி 8 மணிக்கு பிரஷர் மாத்திரை, வாட்ச்ல 8 ஆனதும் போன் வருது, அங்க அப்ப பத்தரை, அக்கா தூங்கப் போயிருப்பா. "மாத்திரை போட்டாச்சா, மாட்டுக்கு தண்ணி காட்டியாச்சா" னு கேட்டுட்டுத்தான் அம்மா படுக்கறாங்க.

நாகை_தாத்தா

ரொம்ப சந்தோஷம் தம்பி. நான் சிங்கப்பூர்ல இருந்த நாலு வருஷமும் என் டிரங்குப் பெட்டிக்குள்ள ஒரு பழைய கடிகாரம் நம்ம ஊர் நேரத்துலதான் ஓடிச்சு. அக்காவுக்கு நல்லபடியா பிரசவம் ஆகட்டும், ஆனதும் இங்க ஒரு வார்த்தை எழுதுங்க.